ரோஸ்மேரி வீட்டுக் கடல்

நத்தம் சாலையில், வீடுகள் தீர்ந்து தக்காளித் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு பால் சங்கம் இருந்தது. அங்கே ரோஸ்மேரியை ஏமாற்றியவர் யாரும் கிடையாது. விடிந்தும் விடியாத நேரத்திலேயே கேனும் தூக்குவாளியுமாக வரிசை நின்றுவிடும். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து நீளக் குவளையில் ஊற்றி, லாக்டோமீட்டரை மெல்ல இறக்கிவிடுவாள். அந்தக் கண்ணாடிக் குச்சி இரண்டு தரம் தலையாட்டிவிட்டு நிற்கும். இருபத்தெட்டு காட்டினால் நல்ல பால். இருபத்திரண்டு என்றால் தண்ணீர். தண்ணீரைக் கலந்துவிட்டு, கனம் குறைந்தது தெரியாமலிருக்க உப்பும் போட்டுக் கொண்டுவருகிற கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். குச்சி அவர்கள் பக்கம் பேசும். ரோஸ்மேரி பேசமாட்டாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்வாள்.

“என்னண்ணே, மாடு நேத்து கடற்கரைப் பக்கம் மேஞ்சுச்சா?”

வரிசையே சிரிக்கும். அந்த ஆள் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கடலைப் பற்றிப் பேச அவளுக்கு உரிமை உண்டு. அவள் வீட்டில் ஒரு கடல் இருந்தது.

அதைக் கொண்டுவந்தவன் தம்பி அந்தோணிராஜ். அவளைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் போனபிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். மண்டபத்தில் கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு நிலையத்தில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். தொண்ணூற்றைந்தில் மஸ்கட்டுக்கு விசா வந்தது. புறப்படுவதற்கு எட்டு நாள் முன்னால், இரண்டு கேன் கடல் தண்ணீரும் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு தூக்குச்சட்டியுமாக வந்து இறங்கினான். சட்டிக்குள் கைப்பிடி அளவில் ஒரு கல்.

“இதுக்காடா ராமநாதபுரத்துல இருந்து பஸ்ல எடம் போட்டு வந்த?”

“கல்லு இல்லக்கா. உசுரு. செத்த நேரம் பொறு.”

பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கடைவீதியில் வாங்கிவந்தான். குடம் மாதிரி உருண்டையாக, வாய் அகலமாக, ஒன்பது லிட்டர் பிடிக்கும். அடியில் கடல் மணலைப் பரப்பி, கல்லை வைத்து, தண்ணீரை ஊற்றினான். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கல்லின் ஓரத்தில் கொத்தமல்லி விதை அளவு ஒன்று விரிந்தது. பச்சை நிறம், சுற்றிலும் இமை மயிர் போல. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஐந்து. கல்லின் மறுபக்கம் சங்கைச் சுமந்துகொண்டு ஒரு பொடி நண்டு எட்டிப் பார்த்தது.

“அக்கா, ஒவ்வொண்ணும் ஒரு வாய். பவளப் பூச்சி. நல்லா வச்சுக்கிட்டா பெருகும். நான் கடுதாசி போடுறப்பல்லாம் எத்தனை வாய்னு கேப்பேன். சொல்லணும்.”

செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தான். அதில் ஒரு வரி: கடல் தண்ணீரின் கனம் ஒன்று புள்ளி சைபர் இருபத்தைந்து. அளக்கிற கருவியை மஸ்கட்டிலிருந்து அனுப்புகிறேன். அவன் பஸ் ஏறிய மறுநாள் ரோஸ்மேரி அந்த வரியை நான்கு தரம் படித்தாள். லாக்டோமீட்டரும் அந்தக் கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் காட்டும். சங்கத்திலிருந்து பழைய லாக்டோமீட்டர் ஒன்றை எடுத்துவந்து தொட்டிக்குள் விட்டாள். தலையாட்டியது. இருபத்தைந்தில் நின்றது.

வீட்டில் யாருமில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கடலைக் கொண்டுவந்து சங்கத்தில் ஊற்றினால் தண்ணீர் கொஞ்சம் கலந்த பால் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அதுவும் அவள் கறக்காத ஒரு மாடு ஆகிவிட்டது. மே மாத வெயிலில் குடிதண்ணீர்ப் பானைக்கு வைப்பது போலத் தொட்டிக்கடியில் ஈர மணல் தட்டு வைத்தாள். வெள்ளைத் துணியை நனைத்துச் சுற்றினாள். கண்ணாடியில் நகப்பாலீஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். பகலெல்லாம் தண்ணீர் ஆவியாகும். மாலையில் கோடு வரை நல்ல தண்ணீரை ஊற்றுவாள். உப்பு எங்கேயும் போகாது, போவது தண்ணீர்தான் என்று தம்பி நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தான். அந்த நல்ல தண்ணீருக்கு, பேட்டரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீர். சனிக்கிழமைதோறும் ஒரு செம்பு பழைய தண்ணீரை மொண்டு கொல்லைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, ஒரு செம்பு புதுக் கடல்.

புதுக் கடல் பேகம்பூரிலிருந்து வந்தது. அங்கே கருவாட்டுக் கடை வைத்திருந்த கமர்ஜஹானுக்குப் பாம்பனிலிருந்து மாதம் ஒரு லாரி வரும். அதில் ரோஸ்மேரிக்கு ஒரு கேன்.

“இந்தாங்கக்கா, உங்க கடலு,” என்பாள் கமர்ஜஹான். “ஊரு பூரா எங்கிட்ட கருவாடு வாங்குது. நீங்க ஒருத்தர்தான் அது நீந்துன தண்ணிய வாங்குறீங்க.”

தம்பியின் கடிதத்தில் பாதி கேள்விகளாகவே இருக்கும். கரண்டு போகிறதா, தொட்டிக்குள் காற்று ஊதும் குழாய்க்கு டார்ச் பேட்டரி இருக்கிறதா, வெயில் எப்படி, உனக்கு முழங்கால் வலி எப்படி, வாய் எத்தனை. அவள் எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பதில் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்விக்கு மட்டும் டார்ச் அடித்து எண்ணுவாள். ஒன்பது. பதினேழு. அப்புறம் ஒரு வேனிலில் குறைந்து பதினான்கு. அதையும் ஒளிக்காமல் எழுதினாள். தொண்ணூற்றெட்டு ஆனியில் நாற்பத்தாறு. கல்லே தெரியவில்லை. பச்சைக் கம்பளி போர்த்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீடு ஒச்சாயியுடையது. அறுபது வயது, ஒரே ஒரு பசு. அவள் பாலை அளக்கவே வேண்டாம் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அளக்காமல் விட்டால் ஒச்சாயிக்குத்தான் கோபம் வரும்: “ஏன், என் பாலு மட்டும் எளக்காரமா? குச்சியப் போடு ஆத்தா!” தொட்டியை முதல்முதலாகப் பார்த்த அன்று சுற்றிச் சுற்றி வந்தாள். “கொழம்புக்கு ஆகுற மாதிரி ஒண்ணுமில்லையே,” என்று தீர்ப்புச் சொன்னாள். ஆனாலும் வீட்டுச் சாவியில் ஒன்று அவளிடம்தான் இருந்தது. ரோஸ்மேரி இல்லாத நேரத்தில் கரண்டு போனால், வந்து காற்றுக் குழாயை டார்ச் பேட்டரிக்கு மாற்றிவிடுவாள். மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

அந்த வருடம் தை மாதம் ஒச்சாயியின் புருஷன் சடையாண்டி இறந்துபோனார். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன் என்று திருப்பூரிலிருந்த மகன் சொல்லியிருந்தான். முந்தின நாள் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை, கம்பெனியில் லீவு இல்லையாம்.

அமாவாசையன்று காலை பத்து மணிக்கு ரோஸ்மேரி சங்கத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே தொட்டி கண்ணில் பட்டது. பச்சையைக் காணோம். வெறும் கல். நாற்பத்தாறு வாயும் இறுக மூடிக்கிடந்தன. நண்டு சங்குக்குள் போய்க் கதவடைத்துவிட்டது. கல்லின் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ மின்னியது. தண்ணீர் மட்டும் சிவப்புக் கோட்டில் இம்மி பிசகாமல் நின்றது.

லாக்டோமீட்டரை விட்டாள். முப்பத்துநான்கு. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

இந்த ருசி அவளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். தண்ணீர் கலந்தவன் அதை மறைக்கப் போடுகிற ருசி.

“பெரியம்மா!”

ஒச்சாயி ஈரத் தலையோடு வந்தாள். நெற்றியில் திருநீறு. முகம் ரொம்ப நாளைக்கப்புறம் தெளிவாக இருந்தது.

“கூப்புட்டியா ஆத்தா?”

“தொட்டியில தண்ணி கலந்து உப்புப் போட்டது யாரு?”

“நாந்தேன்.” ஒச்சாயிக்கு ஒளிக்கத் தெரியாது. “ராமேஸ்வரத்துத் தண்ணி வீட்டுக்குள்ளயே இருக்கையில நான் ஏன் அந்தப் பயலுக்காக் காத்துக்கெடக்கணும்? அவரு பேரச் சொல்லி ரெண்டு செம்பு தலையில ஊத்திக்கிட்டேன். ஆனா ஏமாத்தலத்தா. ரெண்டு செம்பு எடுத்தா ரெண்டு செம்பு திருப்பி ஊத்தணும்ல? நீ போட்ட கோடு வரைக்கும் கொழாத் தண்ணி ஊத்துனேன். சப்புன்னு இருக்குமேன்னு மூணு பிடி கல்லுப்பு போட்டேன். ஒரு பிடி சேத்தேதான் போட்டேன். கொறைச்சுப்போட்டா அதுக்குப் பத்தாதுல்ல?”

ரோஸ்மேரி ஈர விரலைத் துடைத்துக்கொண்டாள். “எம்புட்டுப் பாலை வேணாம்னு திருப்பி அனுப்பிச்சிருக்கேன். உம் பாலுல ஒரு நாளு ஒரு சொட்டு தண்ணி இருந்ததில்ல. போயும் போயும் கடல்லயா கலந்த?”

ஒச்சாயி அப்போதுதான் கல்லைப் பார்த்தாள். தெளிவெல்லாம் முகத்திலிருந்து வடிந்தது. “செத்துப்போச்சா?”

“தெரியல. சாவியக் குடு.”

சாவி மேசைமேல் வைக்கப்பட்டது. ஒச்சாயி போகவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள்.

கரையாமல் கிடந்த உப்பை ரோஸ்மேரி தேக்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு செம்பு தண்ணீரை மொண்டு வெளியே வைத்தாள். அந்த இடத்தில் நல்ல தண்ணீர் போக வேண்டும். ஆனால் ஒரேயடியாக ஊற்றினால் உப்பில் பிழைத்தது அந்த அதிர்ச்சியில் போய்விடும். மெடிக்கல் கடைக்கு ஓடிப்போய் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்று வாங்கிவந்தாள். பேட்டரித் தண்ணீர் பாட்டிலைக் காலண்டர் ஆணியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, குழாயின் நுனியைத் தொட்டிக்குள் விட்டாள். சொட்டு… சொட்டு…

“அவருக்கு ஏத்துன மாதிரியே இருக்கு,” என்றாள் ஒச்சாயி மெதுவாக.

ரோஸ்மேரி குழாயின் சக்கரத்தைத் திருகிச் சொட்டைக் குறைத்தாள். கமர்ஜஹான் கடைக்குப் போன் செய்து கடல் தண்ணீர் கேட்டாள். ஆடிக் காற்று, பாம்பனில் படகே இறங்கவில்லை, லாரி அடுத்த வாரம்தான். “துவா செய்றேன்க்கா,” என்றாள் கமர்ஜஹான். அன்று கேலி பேசவில்லை.

மூன்று மணி ஆயிற்று. மாலைப் பாலுக்குப் போக வேண்டும். அவள் போகாவிட்டால் நூறு வீட்டுப் பால் வெயிலில் நிற்கும். குழாயை நிறுத்திவிட்டுப் போனால் ஒரு பொழுது வீண். ஓடவிட்டுப் போனால் தண்ணீர் கோட்டைத் தாண்டிவிடும். மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தாள். நிலைப்படியைப் பார்த்தாள். ஒச்சாயி இன்னும் அங்கேதான் இருந்தாள், மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

“பெரியம்மா, இந்தச் சக்கரத்தை இப்பிடித் திருகுனா…”

“சொட்டு நிக்கும். தெரியும். பெரியாஸ்பத்திரியில பதினோரு நாளு அதத்தான பாத்துக்கிட்டிருந்தேன். நர்சுப்பிள்ளைக்கு முன்னாடி நாந்தேன் திருகுவேன்.”

“தண்ணி கோட்டத் தொட்டதும் நிப்பாட்டு. வேற எதையும் தொடாத. உப்பு, வெல்லம், திருநீறு, எதுவும்.”

“தொட்டா என் கையி விளங்காமப் போகட்டும்.”

சாவி மறுபடி கை மாறியது.

அன்று சங்கத்தில் ரோஸ்மேரி எண்களைத் தவறாகப் படித்தாள். நல்ல பாலுக்கு இருபது என்றாள். உப்புக் கலந்த ஒருவர் தப்பித்தார். திரும்பி வந்தபோது சக்கரம் திருகியிருந்தது. தண்ணீர் கோட்டை மயிரிழையில் தொட்டுக்கொண்டு நின்றது. ஒச்சாயி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி முப்பத்தொன்று காட்டியது. மறுநாள் இன்னொரு செம்பு; இருபத்தெட்டு. அடுத்த நாள் பொழுது சாய்கையில் இருபத்தைந்து.

கல் கல்லாகவே இருந்தது.

அன்றைக்குத் தம்பியின் கடிதம் வந்தது. ஐந்து கேள்வி, கடைசியில் வாய் எத்தனை. அதை மடித்து பைபிளுக்குள் வைத்தாள். பதில் எழுத உட்காரவே இல்லை. பூஜ்யம் என்பதை எழுத்தில் எழுதுவதா, எண்ணில் எழுதுவதா என்றுகூட யோசித்துப் பார்த்தாள்.

நான்காம் நாள் காலை அவள் சங்கத்தில் இருந்தாள். வரிசை பாதிதான் நகர்ந்திருந்தது. ஒச்சாயி சாலையில் வருவது தெரிந்தது. கையில் பால் தூக்கு இல்லை. அதை மறந்துவிட்டு வந்திருந்தாள்.

“ஆத்தா… ஒண்ணு கண்ணு முழிச்சிருச்சு!”

ரோஸ்மேரி வீட்டுக்கு வந்தபோது பத்து வாய் விரிந்திருந்தது. மறுநாள் இருபது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டார்ச் அடித்து எண்ணினாள். முப்பத்தெட்டு. உப்புக் கல் நேராக விழுந்த பள்ளத்தில் எட்டு மட்டும் கருத்துப்போயிருந்தன. நண்டு வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

கடிதம் எழுதும்போது ஒச்சாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“எட்டு போனது என்னாலன்னு எழுது. தம்பி உன்னயத் தப்பா நெனைக்கக் கூடாது.”

“எத்தனைன்னுதான் கேட்டான். யாருன்னு கேக்கல.”

“கேப்பான். அந்தப் பய விடமாட்டான்.”

ரோஸ்மேரி சிரித்தபடி ‘முப்பத்தெட்டு’ என்று எழுதி ஒட்டினாள். ஒச்சாயி சொன்னது சரி. பதில் கடிதத்தில் எட்டைப் பற்றி மட்டும் ஒன்பது கேள்விகள் இருந்தன.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் பழைய தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு, தென்னையடிக்கு எடுத்துப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒச்சாயி நிமிர்ந்தாள்.

“அது என்ன தண்ணி?”

“தொட்டித் தண்ணிதான். வாரா வாரம் ஒரு செம்பு மாத்தணும்ல.”

“வாரா வாரமா?” ஒச்சாயி கையிலிருந்த வைக்கோல் பிரியைக் கீழே போட்டாள். “மூணு வருசமா ராமேஸ்வரத்த மரத்துக்கு ஊத்திக்கிட்டா இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த எட்டும் பொழைச்சிருக்குமே, பாவி மகளே!”

ரோஸ்மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை கேள்வி கேட்கிற தம்பிகூட, அந்தச் செம்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. செம்போடு வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒச்சாயி கிணற்றடிக் கல்லில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து முந்தானையை இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“குச்சியப் போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன். இருபத்தஞ்சு.”

“அப்ப ஊத்து.”