காற்சட்டையில் புதினா

போன சனிக்கிழமை என் காற்சட்டை நனைந்துவிட்டது.

தண்ணீர் இல்லை. நீங்கள் நினைக்கிற மற்றதும் இல்லை. இ-சிகரெட்டுக்குள் ஊற்றுகிற திரவம். பேர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் என் அண்ணையின் வீட்டுப் பல்கனியில் நின்று இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். யாரென்று பார்க்காமலே பொக்கெட்டுக்குள் தள்ளினேன். தலைகீழாகப் போய்விட்டது. அந்தச் சாமான் தலைகீழாக இருந்தால் ஒழுகும். ஒழுகியது.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். பாசலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஏழு பேரை ஏசி வேலை வாங்குகிறேன். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் ஊரையே ஏசுகிறேன். ஆனால் அண்ணை வருகிற சத்தம் கேட்டால் கை தானாகப் பொக்கெட்டுக்குள் போகிறது.

வந்தது அண்ணைதான். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து வந்து கதிரையில் இருந்தார். மூக்கைச் சுருக்கினார்.

“என்னடா, புதினா மணக்குது?”

“அண்ணி சட்னி அரைக்கிறா போல.”

“ஓமோம்,” என்றார்.

அண்ணி சட்னி அரைக்கவில்லை. கோழி பொரித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் கதைத்துக்கொள்கிறோம்.

நான் சுவிஸ் வந்த புதிதில் பேர்னில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். அண்ணை எனக்கு முன்பே வந்து என்னைக் கூப்பிட்டவர். ஒருநாள் என் ஜாக்கெட்டை எடுத்து ஆணியில் கொளுவினார். உள்ளே இருந்து சிகரெட் பெட்டி விழுந்தது. மற்ற நாலு பேரும் பார்த்திருக்க அறைந்தார்.

“இனி என்ர கண்ணுக்கு முன்னால இதைக் கண்டன் எண்டால் பாத்துக்கொள்.”

நான் சொல் தவறவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் ஒருநாளும் பிடித்ததில்லை. மற்ற எல்லா இடத்திலும் பிடித்தேன். பனி கொட்டும்போது பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் நின்று பிடித்தேன். கலியாண மண்டபங்களில் கார்களுக்கு நடுவில் குந்தியிருந்து பிடித்தேன்.

அறைந்தவரின் ஜாக்கெட்டும் மணக்கும். அதை யார் கேட்பது? தம்பிக்கு அறைந்த கையில், தம்பிக்கு முன்னாலேயே சிகரெட்டை வைத்திருக்க முடியுமா? ஆகவே அவரும் ஒளித்தார். இருந்தது ஓர் அறை. அதற்குள் இரண்டு ஒளிப்பு. எங்கள் ஆட்கள் இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் சிகரெட்டை விட்டு இரண்டு வருடமாகிறது. எப்படி விட்டீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பெரிய கதை இல்லை. முதலில் நிக்கோட்டின் பிளாஸ்டர் ஒட்டினேன் – தோள் கடித்தது. பிறகு சூயிங்கம் மென்றேன் – அதை மென்றுகொண்டே சிகரெட்டும் பிடித்தேன். மனவலிமை என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்னிடம் ஒரு கிழமைக்கு மேல் தங்கியதில்லை. கடைசியில் என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கல்காரன் ஒருவன் பேனை மாதிரி ஒன்றை நீட்டினான். முதல் இழுவையில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று கிழமை இரண்டையும் மாறி மாறி இழுத்தேன். நாலாம் கிழமை ஒரு பின்னேரம் சிகரெட் பெட்டியைத் திறந்தால், காலையில் இருந்த அதே எண்ணிக்கை. அவ்வளவுதான். மேளம் எதுவும் அடிக்கவில்லை.

இதில் இந்த நாட்டின் கூத்தையும் சொல்ல வேண்டும். சிகரெட்டை எந்தக் கியோஸ்கிலும் வாங்கலாம். பெற்றோல் நிலையத்திலும் வாங்கலாம். ஆனால் நிக்கோட்டின் கலந்த இந்தத் திரவத்தை இந்த 2017ஆம் ஆண்டிலும் இங்கே விற்கக் கூடாது. சொந்தப் பாவனைக்குக் கொஞ்சம் வெளியிலிருந்து கொண்டுவரலாமாம். ஆகவே நான் ட்ராமில் ஏறி, எல்லை கடந்து, ஜெர்மனியில் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். கொல்லுகிற சாமான் வீட்டு வாசலில். அதை விட உதவுகிற சாமானுக்கு வெளிநாட்டுப் பயணம். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மருந்து இல்லை. புகைக்காதவன் இதைத் தொட்டால் அவனுக்கும் ஓர் அறை விழவேண்டும். எனக்கு இருமல் குறைந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை.

சிகரெட்டை விட்டதை அண்ணைக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? விட்டேன் என்றால் பிடித்தேன் என்று ஆகிவிடுமே. ஆகவே விட்டதையும் ஒளித்தேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். ஈரப் பொக்கெட்டோடு சமையலறைக்குப் போனேன். அண்ணி பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, பாத்ரூம் லைட் சுவிச் வெளியில இருக்கு,” என்றார் மெதுவாக.

ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு வருகிற சிறுநீர் வருத்தம் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. உண்மையைவிட அது பரவாயில்லை என்று பட்டது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி அண்ணையின் காலைப் பற்றிச் சொன்னார். காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. நூறு மீற்றர் நடந்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. அடுத்த மாதம் ஒப்பரேஷன். டாக்டர் நேராகவே சொல்லிவிட்டாராம்: குழாயைச் சரிசெய்யலாம், ஆனால் தொடர்ந்து புகைத்தால் திரும்பவும் அடைக்கும், அப்புறம் பாதத்தை எடுக்க வேண்டியும் வரலாம்.

“உங்களுக்கு முன்னால சிகரெட் பத்தமாட்டார். ஆனால் உங்களுக்குத் தெரியும்தானே தம்பி. டாக்டர் சொன்னவுடன பயந்துபோனார். அண்டைக்கே விட்டிட்டார். மூண்டு மாசம் ஒண்டும் தொடேல்லை.”

“அவ்வளவு லேசா விட்டிட்டாரோ?”

“ஓம். ஆளே மாறிப்போனார். இப்ப உடுப்புத் தோய்க்கிறதும் அவர்தான்.”

அண்ணை தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவாத மனிதர். அவரா உடுப்புத் தோய்க்கிறார்? அந்த நேரம் பார்த்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அந்தா, போறார்,” என்றார் அண்ணி பெருமையாக.

அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே தோய்க்கும் மெஷின். கீழே நிலவறையில் இருக்கிறது. கெல்லர் என்று சொல்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. அந்த நாளை மாற்றித் தோய்த்தால் என்ன சண்டை வரும் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“உங்கட முறை எண்டைக்கு அண்ணி?”

“செவ்வாய்.”

“இண்டைக்குச் சனியெல்லோ?”

“இது மெஷின் துடைக்க. துடைக்காட்டில் வெள்ளையள் முறைப்பாடு குடுப்பினமாம். ஒரு நாளைக்கு நாலு தரம் போய்த் துடைக்கிறார், பாவம். அந்தக் காலோட.”

சுவிஸ்காரன்கூட மெஷினை ஒரு நாளைக்கு நாலு தரம் துடைப்பதில்லை.

அண்ணிக்கு இது விளங்கவில்லை. வாழ்க்கையில் எதையும் ஒளித்துப் பழகாத மனுஷி. நான் இருபத்தெட்டு வருட அனுபவசாலி. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

கீழே இறங்கினேன். இரண்டு மாடி, லிப்ட் இல்லை. நூறு மீற்றர் நடக்க முடியாதவர் இந்தப் படிகளை நாலு தரம் ஏறி இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். தோய்க்கும் அறையில் லைட் எரிந்தது. மெஷின் பளபளவென்று இருந்தது. அதற்கு அப்பால் வெளியே போகும் சின்னக் கதவு பாதி திறந்திருந்தது. கதவுக்கு வெளியே தோட்டத்துக்கு ஏறும் ஏழெட்டுக் கொங்கிறீட் படிகள். மூன்றாவது படியில் அண்ணை இருந்தார்.

என் காலடி கேட்டதும் அவர் கை முதுகுக்குப் பின்னால் போனது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த அசைவு எனக்கு நன்றாகத் தெரியும். அது என் கையின் அசைவு. ஆனால் இன்னொருவர் செய்து அன்றுதான் பார்க்கிறேன். ஐம்பத்தொன்பது வயது மனிதர், வலிக்கிற காலை நீட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். மூக்கால் புகை வருகிறது.

கோபம் எனக்குச் சுலபமாக வரும். அன்று அந்த இடத்தில் வரவில்லை.

“அண்ணை, கை சுடப்போகுது. எறியுங்கோ.”

அண்ணை கையை முன்னால் கொண்டுவந்து சிகரெட்டைக் கொங்கிறீட்டில் நசித்தார்.

“உனக்குக் கன நாளாத் தெரியுமோ?”

“பேர்ன் அறையிலயே தெரியும்.”

“உன்ர கதையும் எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் நீ திருப்பிக் கேட்டிருப்பாய்.”

இவ்வளவுதான் எங்கள் மரியாதை. நான் கேட்காமலிருக்க அவர் கேட்கவில்லை, அவர் கேட்காமலிருக்க நான் கேட்கவில்லை. இடையில் ஒரு கால் போகப் பார்க்கிறது.

பக்கத்தில் இருந்தேன். பொக்கெட்டுக்குள் இருந்ததை எடுத்துத் துடைத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணையின் கண்ணுக்கு முன்னால் ஓர் இழுவை இழுத்தேன். அறை விழும் என்று உடம்பு தானாக ஒரு பக்கம் சரிந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சரிந்தது.

விழவில்லை.

“இதுதானோ சட்னி?” என்றார்.

“ஓம். இதைப் பிடிச்சுத்தான் சிகரெட்டை விட்டனான். ரெண்டு வருசம்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

“எப்பிடிச் சொல்றது?”

அவர் அந்தச் சாமானைப் பார்த்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். சிகரெட்டை இழுப்பது மாதிரி வெடுக்கென்று இழுத்து இருமினார்.

“மெல்ல, நீட்டி இழுங்கோ. இது பீடி இல்லை.”

“பல்லு விளக்கின மாதிரிக் கிடக்கு,” என்றார். ஆனால் திருப்பித் தரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆஸ்பத்திரி ஃபோமில நான் பத்துறேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டன்.”

கோபம் இங்கேதான் வந்தது.

“டாக்டருக்குப் பொய் சொன்னால் கால் போறது டாக்டருக்கோ?”

மேல்மாடியில் யாரோ யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அவ்வளவு சத்தம். அண்ணைக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதும் அன்றுதான் முதல் தடவை.

“திங்கக்கிழமை போன் பண்ணி உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டில் நான் பண்ணுவன்.”

“நீ எனக்குத் தம்பியோ, அண்ணையோ?”

“இண்டைக்கு அண்ணை.”

திங்கட்கிழமை அவரே போன் பண்ணினார். டாக்டர் ஏசவில்லையாம். ஒப்பரேஷனுக்கு முன்னமே சொன்னது நல்லது என்றாராம். என் சாமானைப் பற்றியும் அண்ணை கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் நல்லது, இதிலும் நிக்கோட்டின் இருக்கிறது, குழாய்க்கு அதுவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். வேறு வழியே இல்லையென்றால் முதலில் சிகரெட்டை விடுங்கள், பிறகு இதையும் குறைத்து நிறுத்துங்கள் என்றாராம். நியாயமான பேச்சு. நான் ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறதை அந்த மனிதர் நாலு வசனத்தில் சொல்லிவிட்டார்.

வீட்டில் கிடந்த என் பழைய கருவியை அண்ணைக்குக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய் ஒரு சிகரெட். புதன் இல்லை. வியாழன் ஒன்று என்று அவரே போன் எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த ஒன்று எனக்குக் கவலை தரவில்லை. எடுத்துச் சொன்னாரே, அது போதும். நேற்று இல்லை.

இனி மிச்சம் அண்ணி.

“அவளுக்கு எப்பிடிச் சொல்றது?” என்று நேற்று போனில் கேட்டார். “நான் விட்டதுக்கு எண்டு மூண்டு மாசமாக் கோயில்ல அர்ச்சனை செய்யிறாள்.”

“நீங்கள்தான் சொல்லோணும்.”

“வாய் வராது. நீ எழுது. பேப்பர் வந்தால் அவள் முதல்ல உன்ர பக்கத்தைத்தான் வாசிக்கிறவள்.”

பேடி என்று ஏச வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் விட்டதையே சொல்ல முடியாமல் காற்சட்டையை நனைத்தவன் யாரை ஏசுவது? ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆகவே அண்ணி, எழுதிவிட்டேன். அன்றைக்கு நனைந்தது நீங்கள் நினைத்தது அல்ல. அண்ணை மூன்று மாதத்துக்கு முன் விட்டது பொய். இந்தக் கிழமை விட்டுக்கொண்டிருப்பது உண்மை. ஏசுவதென்றால் ஒருநாள் நன்றாக ஏசுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒன்று பத்திவிட்டேன் என்று அவர் வந்து சொன்னால், அந்த நேரம் மட்டும் ஏசவேண்டாம். திரும்பவும் ஒளிக்கப் போய்விடுவார். ஒளிக்கிற இடத்தில்தான் அந்தக் கால் போகும்.

என் நிபந்தனை இதுதான்: உடுப்புத் தோய்ப்பதை அவர் விடக்கூடாது.

செவ்வாய்க்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு கெல்லருக்கு இறங்குவார். பின்னால் போய்ப் பார்க்க வேண்டாம். இந்தமுறை உடுப்புத் தோய்க்கத்தான் போகிறார்.