கீறல் விழாத கை

ஆடியோக்காரர் சட்டையைக் கழற்றி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்கிறார். பொத்தான் உரசி வண்டியில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம். அடுத்து மோதிரம், கைக்கடிகாரம், இடுப்பு பெல்ட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகின்றன. பெல்ட் போனதும் பேண்ட் இறங்கத் தொடங்கும். அதை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் காரின் டிக்கியைத் திறப்பார். மிச்சமிருக்கும் அந்த ஒற்றைக் கையால்தான் இத்தனை வருடமாக இந்த வட்டாரத்துக் கார்களுக்கெல்லாம் திம்மென்று அதிரும் சப்வூஃபர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டி வருகிறார்.

"நம்ம கை பட்ட வண்டில ஒரே ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்" என்று சவால் விடுவார். காட்ட முடியாதுதான். அந்த வண்டிகளில் பாட்டு ஒழுங்காகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரிக்கக் கூடாது. என் காரில் ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடுகிறது. அதுவும் அவர் கைங்கரியம்தான். பிறகு ஏன் அவரிடமே போகிறாய் என்று கேட்பீர்கள். உள்ளே எந்தக் கம்பியை எதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வேறு கடைக்காரர்கள் டேஷ்போர்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கடை சந்தின் கோடியில் இருக்கிறது. ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது. குனிந்துதான் நுழைய வேண்டும். மாடியிலேயே வீடு. கீழே சப்வூஃபரை அலறவிட்டுச் சோதித்தால், மாடிச் சமையலறை அலமாரியில் பாத்திர மூடிகள் கிணுகிணுக்கும். மூடி ஆடினால் கீழே வேலை முடிந்தது என்று மனைவிக்குத் தெரியும். ஆடாவிட்டால் இறங்கி வந்து வாசலில் நின்று, "என்னங்க, இன்னும் சத்தம் வரலியா?" என்பார். அந்த அம்மாள் இறங்கி வரும் நாட்கள்தான் அதிகம்.

சத்தம் வராத வண்டி வந்தால் அவர் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். "இதுக்கு முன்னாடி கை வெச்சவன் யாரு?" முகம் தெரியாத அந்த முன்னவனைத் திட்டிக்கொண்டே ஃபியூஸை மாற்றுவார். அதிலும் வராவிட்டால் கம்பியைக் குறை சொல்வார், பேட்டரியைக் குறை சொல்வார், கடைசியில் பாட்டையே குறை சொல்வார். "இந்தப் பாட்டுல திம்முனு அடிக்கற பேஸே இல்ல சார். பெட்டி என்ன பண்ணும்?" மின்சாரம் எதுவரை வருகிறது என்று சொல்லக்கூடிய மீட்டர் ஒன்று வைத்திருக்கிறார். வாங்கிய நாளில் அதன் முகப்பில் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை இன்னும் உரிக்கவில்லை. அதிலும் கீறல் விழக் கூடாதல்லவா!

போன வாரம் என் வைப்பர் விவகாரத்துக்காகப் போனபோது, அவர் தன் மாமனாரின் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் வண்டியின் டேஷ்போர்டை ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்ததால் எனக்கும் போக்கிடம் இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாமனாருக்கு மெயின் ரோட்டு முனையில் ஒரு கடை இருக்கிறது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். ஆடியோக்காரருக்கும் ஆசை, செல்போன் உறை விற்கும் அவருடைய சகலைக்கும் ஆசை. மூத்த மருமகனான இவர் மேல் மாமனாருக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் மகள் அழுததில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். "என் வண்டிய பாட வைங்க மாப்ள. காதால கேட்டுட்டுக் கடைச் சாவியக் குடுத்துடறேன்" என்று சொல்லி, சாவியோடுதான் வந்திருந்தார்.

மூடி ஆடாததால் மனைவி இறங்கி வந்தாயிற்று. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்தக் கடை கெடைச்சிட்டா இந்த இடியெல்லாம் அங்க போயிடும்ணே. பொண்ணு பரீட்சைக்குப் படிக்கக் காதுல பஞ்ச வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா." எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த மனிதனுக்காக இல்லை, அந்த அம்மாளுக்காகவும் மேலே பஞ்சோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்காகவும்.

ஆடியோக்காரர் வழக்கமான வழிபாட்டை ஆரம்பித்தார். ஆம்ப்ளிஃபயரில் விளக்கே எரியவில்லை. ஃபியூஸை மாற்றினார், எரியவில்லை. வேறு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து மாட்டினார், அதுவும் எரியவில்லை. பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் வெளியே தூக்கித் தனி பேட்டரியில் தொட்டுப் பார்த்தார், விளக்கு எரிந்து திம்மென்று அடித்தது. ஆக, பெட்டி நன்றாக இருந்தது, ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கேட்டேவிட்டார்.

"இதுக்கு முன்னாடி கை வெச்சவன் யாரு?"

"நீங்கதான் மாப்ள. காலைலதான மாட்டுனீங்க" என்றார் மாமனார்.

வேறு வழியில்லாமல் மீட்டர் வெளியே வந்தது. கண்ணாடித்தாளுக்குள் எண் சரியாகத் தெரியாமல், வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போக வழி வேண்டும். வண்டியின் இரும்பு உடம்புதான் அந்த வழி. ஓரிடத்தில் பெயிண்டைக் காசளவு சுரண்டி, வெறும் இரும்பில் எர்த் கம்பியை முடுக்குவார்கள். இந்தத் தொழிலில் அது முதல் நாள் பாடம். நம் ஆள் சுரண்டுவாரா? மற்ற வண்டிகளில் எர்த் கம்பியை முன்னால் பேட்டரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், அதுதான் தன் ஸ்டைல் என்று சொல்லிக்கொள்வார். கம்பியை அடியில் ஓட்ட வண்டிக்குள் தரைவிரிப்பைத் தூக்க மாமனார் சம்மதிக்காததால், டிக்கியிலேயே ஒரு போல்ட்டில் கோத்திருக்கிறார். கோத்ததோடு விட்டாரா? பெயிண்ட் நசுங்கிவிடும் என்று மேலே ஒன்று, கீழே ஒன்று ரப்பர் வாஷர் வைத்து முடுக்கியிருக்கிறார். ரப்பரின் வழியாக மின்சாரம் போகாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எனக்கே புரிந்துவிட்டது. அவருக்குப் புரியாமல் இருக்குமா? முகம் சுண்டிப்போயிற்று. டப்பாவைத் துழாவி ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து மடித்தார். அப்பாடா, பிழைத்தார்கள் என்று நானும் மூச்சு விட்டேன்.

"என்ன மாப்ள அது கையில? பெயிண்ட்ல எதுவும் செய்யலியே?"

"சேச்சே. நான் போயி பெயிண்ட்டத் தொடுவேனா மாமா?"

உப்புத்தாள் பைக்குள் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எழுந்து போய் அவர் காதோரம், "சுரண்டித் தொலைங்களேன். டிக்கி விரிப்புக்கு அடியில யார் பாக்கப்போறா? ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"சுரண்டறவனெல்லாம் கத்துக்குட்டின்னு அவர்கிட்டயே சொல்லிருக்கேன் சார்" என்று கிசுகிசுத்தார். "இப்ப நானே சுரண்டுனா என் மானம் என்னாவறது?"

கடை போனாலும் பரவாயில்லை, பெண் காதில் பஞ்சோடு படித்தாலும் பரவாயில்லை, சொன்ன சொல் மட்டும் பளபளவென்று இருக்க வேண்டும். இப்படி ஒரு ஜென்மத்தை என்ன சொல்லித் திட்டுவது? டிக்கிக்கு அருகிலேயே நின்றேன். அவர் பெட்டியை மறுபடி உள்ளே வைத்தார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பாராத உற்சாகத்தோடு குரல் கொடுத்தார்.

"மாமா, நீங்க முன்னாடி உக்காந்து பாட்டப் போடுங்க. சத்தத்த நல்லா ஏத்திக்கங்க. நான் பின்னாடியிருந்து செட்டிங் பாக்கறேன்."

டிக்கிக்குள் காலை மடக்கி ஏறி, மூடியை ஒரு சாண் இடைவெளி விட்டு இறக்கிக்கொண்டார். முன்பக்கச் சின்ன ஸ்பீக்கர்களில் பாட்டு கீச்சென்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில், தாளத்துக்குச் சரியாக, பின்னாலிருந்து திம் திம் என்று அடி விழத் தொடங்கியது. நான் குனிந்து பார்த்தேன். மனிதர் முஷ்டியை மடக்கி சப்வூஃபர் பெட்டியின் பக்கப் பலகையைக் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சும்மா இருங்கள் என்று உதட்டைக் குவித்துக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம் எனக்குத்தான் வந்தது.

"வருதே மாப்ள! முதுகுல வந்து இடிக்குதே!" மாமனார் தலையை ஆட்டினார். மனைவி நெஞ்சில் கை வைத்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வாயைத் திறக்க மனம் வரவில்லை.

மாமனார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். மகளைப் பக்கத்தில் வரச்சொல்லி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மறுகையால் பாட்டை நிறுத்தினார். டிக்கிக்குள் ஆடியோக்காரர் கண்ணைத் திறக்காமல், தாளம் தப்பாமல், இன்னும் திம் திம் என்று குத்திக்கொண்டிருந்தார்.