அமாவாசையில் தெரிந்த மஞ்சள் மேகம்

சத்தியமா நடந்ததுங்க இது. நடந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகலை. நம்பாதவங்க எருமப்பட்டிக்கு வந்து மைதிலியையே கேட்டுக்கலாம். ஆனா பகல்ல வாங்க. பொழுது சாஞ்சா அவ கதவைத் திறக்கமாட்டா.

அவ வீட்டுக்காரர் கௌசிக், போர் போடுற ரிக் வண்டியோட ஒடிசா போய் ஏழு மாசம். வெள்ளாமைக் காட்டுக்கு நடுவுல கோழிப்பண்ணை, பக்கத்துல ஓட்டு வீடு, அதுல இவ ஒருத்தி. பேச்சுத் துணைக்கு ஈ காக்கா கிடையாது. அமாவாசை அன்னைக்குச் சாயங்காலம்தான் ரெண்டாயிரம் குஞ்சு வந்து இறங்கியிருந்துச்சு. பொறந்து ஒரே நாள். பல்புச் சூடு இல்லாட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிச் செத்துப்போகும்.

ராத்திரி 1.10. கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வேற ரிப்பேர். பாவம், பதறியடிச்சு வெளிய ஓடி வந்தா. நாமக்கல் பக்கம் வரைக்கும் ஒரே இருட்டு. மழையும் வந்துட்டா என்ன பண்றதுன்னு மேல பார்த்தா...

மேகம் தெரிஞ்சுது. அடிப்பக்கம் மஞ்சளா.

மேகத்துக்குச் சொந்த வெளிச்சம் ஏதுங்க? நிலா காயணும். இல்லாட்டி ஊர் விளக்கு வெளிச்சம் மேல போய்ப் படணும். ரெண்டும் இல்லை. அப்போ அதுக்கு நேர் கீழே யாரோ பெரிய லைட் போட்டிருக்காங்க. 'கடகட'ன்னு சத்தம் வேற. அட, ரிக் ஓடுது! ஜெனரேட்டர் இல்லாமயா இருக்கும்னு, ரிக் வண்டிக்காரன் பொண்டாட்டி இல்லையா, விறுவிறுன்னு நடந்தா.

1.25. ரெண்டு காடு தாண்டினா. சத்தம் நின்னுச்சு.

லாரி இல்லை. விளக்கும் இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்துச்சு. நடுவுல ஒரு ஆள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க... ஜெனரேட்டர் இருக்குங்களா? குஞ்செல்லாம் செத்துருமுங்க."

"தனியாவா சாமி இருக்கே?" திரும்பவே இல்லை.

ஏழு மாசமா அவளை அப்படிக் கேட்ட ஆளே இல்லை. அழுகையே வந்துருச்சாம். "ஆமாங்க."

"நானுந்தான்... போ. கரண்ட் வந்துரும்."

அப்பதான் கீழே பார்த்தா. அவ்வளவு வெளிச்சத்துல அவ நிழல் விழலை.

உசுரே போச்சு. நாக்கு மட்டும் பழக்கத்துல சொல்லிருச்சு. "வாரேனுங்க."

நம்மூர்ல யாரு 'போறேன்'னு சொல்லுவாங்க?

"எப்போ?"

ஓடினா.

திரும்பிப் பார்க்கலை...

1.43. பல்பு எரிஞ்சுது. ஒரு குஞ்சுகூடச் சாகலை.

விடிஞ்சதும் பக்கத்துக் காட்டுச் சின்னுசாமிகிட்ட ஓடினா. வயசான மனுஷன். நிதானமாக் கேட்டார்.

"அங்க போர் போட்டு ஆறு வருஷமாச்சு சாமி. அன்னைக்கு லைட் கட்டறப்போ கரண்ட் அடிச்சு வீரன்னு ஒரு ரிக் ஆளு அங்கயே போய்ட்டான். நீ வர்றப்போ அவன்கிட்ட என்ன சொன்னே?"

சொன்னா. மனுஷன் தலையில கை வெச்சுட்டார். எழவு வீட்டுல இருந்து கிளம்பறப்போகூட 'வாரேன்'ங்கற அந்த வார்த்தையை நாம சொல்றதில்லையே.

"என் ஊட்டுக்காரி காளியாத்தாளும் நாலு வருஷம் முந்தி அவன்கிட்ட அதையேதான் சொல்லிட்டு வந்தா. ஒம்பதாம் நாள் விடியக்காலம் அந்தப் போர்க்குழிகிட்டப் பொணமாக் கிடந்தா. எங்கூட்டுக் கதவு உள்தாப்பாள் போட்டபடியேதான் இருந்துச்சு சாமி."