ரோமில் ஓர் ஆள் குறைந்தது

இன்று ரோமில் ஓர் ஐஸ்கிரீம் கடை. அக்கா, அத்தான், நான். நாற்பது நிமிடம் நின்றும் எங்களுக்கு முன்னால் இருபது பேர்.

யாருக்கோ பிறந்தநாள் போல. ஐஸ்கிரீமில் கம்பி மத்தாப்பைச் செருகிக் கொளுத்தினார்கள்.

அத்தான் தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் போர்மேன். கூரைக்கடியில் தீப்பொறியைக் கண்டால் அவர் கால் தானாக ஓடும்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்று தமிழில் கத்திக்கொண்டே என்னைத் தெருவுக்கு இழுத்துப் போனார். அவர் முகத்தைப் பார்த்து வரிசை மொத்தமும் பின்னால் ஓடிவந்தது.

ஆலை வழக்கப்படி தலைகளை எண்ணினார்.

"ஒங்கக்காவக் காணலயே, மாப்ள."

உள்ளே எட்டிப் பார்த்தோம். அக்கா மட்டும் கவுண்டரில் நின்று கோன் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் ஓடி வரல?" என்றார் அத்தான்.

"கூட்டத்தத்தான் நீக கூட்டிட்டுப் போயிட்டீகளே. இப்பத்தான் இங்கன காத்தோட்டமா இருக்கு."

நானும் அத்தானும் இப்போது வரிசையில் கடைசி ஆட்கள். உங்கள் வீட்டில் ஓடுவது யார், நிற்பது யார்?