டாலியாகாமல் எழமாட்டான்

சி.ஏ. பரீட்சையில் கேள்விகள் பலவகை. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான், நம்மை மறுபடியும் ஃபீஸ் கட்டவைப்பது. எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஓர் ஆடிட்டரிடம் நானும் ஜாபரும் ஒன்றாகப் பயிற்சியில் இருந்தோம். அவன் அத்தாவுக்குப் பழங்காநத்தத்தில் இரும்புக்கடை. "இந்தத் தடவை பாஸாகலேன்னா கடைக்கு வந்துரணும்" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஜாபருக்கோ ஆடிட்டர் ஆவதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. பட்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

சரியா, தவறா? காரணம் கூறுக

நான் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுவேன். ஜாபர் சரி என்பதற்கும் காரணம் எழுதுவான், தவறு என்பதற்கும் எழுதுவான். எங்கள் மாதிரி விடைத்தாளைத் திருத்திப் பார்த்த ஆபீஸ் சீனியர் கணேசண்ணன் தலையில் கைவைத்தார்.

"இம்புட்டு விவரம் தெரிஞ்சவனுக்கு எவன்டா மார்க் போடுவான்?"

சிறுகுறிப்பு வரைக

சமயநல்லூருக்கு ஆடிட் போகும் பஸ்ஸில் நின்றபடியே மனப்பாடம் செய்வோம். ஒருநாள் ஜாபர் கண்ணை மூடிக்கொண்டு, திவாலானவன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக முணுமுணுத்தான். உட்கார்ந்திருந்த பெரியவர் பதறி எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்க தம்பி. கடை முங்கிப்போச்சுன்னா உலகமே முங்கிப்போச்சா?"

கணக்கு

எங்கள் ஆபீஸில் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போய் டாலியாகாமல் டீக்குக்கூட எழக்கூடாது. பரீட்சையில் அது தலைகீழ். இடித்தால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓட வேண்டும். பரீட்சையன்று முதல் கணக்கே இடித்தது. நான் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் என்று ஒரு தற்காலிகக் கணக்கில் தள்ளிவிட்டு ஓடினேன். முன்வரிசையில் ஜாபர் கடைசி மணிவரை அதே பக்கத்தில் குனிந்திருந்தான். வெளியே வந்ததும், "டாலியாயிருச்சு மாப்ள!" என்று என் கையைப் பிடித்தான். மற்ற கேள்விகள் என்னாயிற்று என்று கேட்டேன். அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது.

"டாலியாகாம எப்பிடிடா அடுத்த பக்கத்தைத் திருப்புறது?"

ரிசல்ட்

நான் பாஸ். மற்ற பேப்பர்களில் என்னைவிட அவனுக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் ஒரு பேப்பர் போனாலும் அந்த குரூப் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்; அந்த ஒன்று போனதால் குரூப்பே போயிற்று. கடைக்குப் போனேன். ஜாபர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அவன் அத்தா ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"தெரியாம ஃபெயிலாயிருந்தா திட்டியிருப்பேன் தம்பி. தெரிஞ்சு ஃபெயிலானவன என்னன்னு திட்டுறது?"

அன்று டாலியாகாத பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்துவிட்டு வந்த நான்தான், இன்று ஊரார் பேலன்ஸ் ஷீட்டுகளுக்கெல்லாம் சரியென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.