ஆண்டவர் மறுக்கவில்லை

ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணி. என் வீட்டு முன்னறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, என் மகளுக்கு வலிப்பு நோய் இருப்பதாகப் பொய் சொன்னேன்.

ஆம், நான்தான் சொன்னேன். காரோடு என்னும் எங்கள் ஊரில் பங்குக் கோயில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கிற நான்!

என் ஒரே மகள் ஷைனி கன்னியர் மடத்தில் சேர விரும்பினாள். திடீரென்று வந்த ஆசையல்ல அது. காலைத் திருப்பலிக்கு எங்களை எழுப்பிவிடுகிறவளே அவள்தான். உலையில் அரிசி போடுமுன் ஏழைகளுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பாள். படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டு மேரி அக்காளுக்குச் சாயங்காலம் நற்செய்தி வாசித்துவிட்டுத் திரும்பும்போது, வயிறார உண்டு எழுந்தவளைப் போல இருப்பாள். நான் அதைப் பெருமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்... மடத்துக்குப் போகிறேன் என்று அவள் சொல்லும் வரை.

ஆண்டுதோறும் இறை அழைத்தல் ஞாயிறன்று, உங்கள் பிள்ளைகளில் ஒருவரை ஆண்டவருக்குக் கொடுங்கள் என்று கோயிலில் நின்று பேசுகிறவன் நான். ஒருமுறை வெளியே வந்தபோது, கடல் தொழில் செய்யும் சேவியர் அண்ணன் வழிமறித்தார்.

"சாரே, நாங்க பெத்ததை மட்டும் எடுத்தா போருமா? சாருக்க வீட்டிலயும் ஒண்ணு உண்டுல்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும் வரை ஒரே நினைப்பு: இவள் போய்விட்டால் எங்களுக்கு யார்?

நான் பொய் சொன்ன அந்த ஞாயிறன்று மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். சேர்ப்பதற்கு முன் வீட்டுக்கு வந்து பெற்றோரின் சம்மதத்தையும் பிள்ளையின் உடல்நலத்தையும் விசாரிப்பது வழக்கம். ஷைனியும் அவள் அம்மாவும் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சம்மதமில்லை என்று நேராகவே சொல்லியிருக்கலாமே! சொன்னால் ஊர் சிரிக்கும், மகள் வெறுப்பாள்... குரலைத் தாழ்த்தினேன்.

"பிள்ளைக்கு வலிப்பு உண்டு சிஸ்டர். இப்பவும் இடைக்கிடை வரும்."

மூன்று வயதில், கடுங்காய்ச்சலில், ஒரே ஒரு முறை வந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"அவளுட்ட கேக்கண்டாம் சிஸ்டர். மனசு ஒடஞ்சு போவா."

அந்த நல்ல மனுஷி நம்பினார். நான் கேட்டுக்கொண்டபடியே காரணத்தை மறைத்தார். "ஆண்டவரு உனக்கு வேற வழி வச்சிருக்காரு மக்கா" என்று மட்டும் ஷைனியிடம் சொன்னார். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். தன்னை வேண்டாம் என்றது கடவுள்தான் என்று!

முதலில் ஜெபமாலை நின்றது. பிறகு காலைத் திருப்பலி. அரிசிப் பானையிலிருந்து அந்த ஒரு பிடி எடுப்பதும் நின்றது. நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஞாயிறன்று கோயிலுக்கு அழைத்தால் என் பக்கம் திரும்பாமலே சொல்வாள்:

"வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு நான் எதுக்கு வலிஞ்சு போணும்? நீங்க போயிட்டு வாங்க அப்பா."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. தூரத்து ஊர் ஒன்றில், என்னை அறியாத ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றார் அவர். தலையாட்டினேன். மறுநாளே, அவளிடம் எதுவும் சொல்லாமல், திருப்பலி வரிசையில் நின்று நற்கருணை வாங்கினேன். உங்களால் நம்ப முடிகிறதா? நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே... அவள் மடத்தில் சேரும் வயதையும் கடந்துவிட்டாள்.

நான் விரும்பியபடி மகள் வீட்டிலேயே இருந்தாள். ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். உண்ணுமுன் நானும் மனைவியும் சிலுவை அடையாளம் வரையும்போது, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். இதற்காகவா அவளை என்னிடம் வைத்துக்கொண்டேன்?

கடைசியில் என் வாயால் அவள் அதைக் கேட்கவுமில்லை. சென்ற வாரம் வேலை முடிந்து தாமதமாக வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பாறசாலை பஸ்ஸில் அந்த சிஸ்டரைப் பார்த்தாளாம். வலிப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் அக்கறையோடு விசாரித்தாராம்.

நாற்காலியை விட்டு எழுந்து அவள் பக்கம் போனேன்.

அவள் கத்தவில்லை. அழவுமில்லை.

"இத்தற நாளும் நான் ஆண்டவருட்டயாக்கும் பிணங்கிட்டு இருந்தேன். இனி அவருக்க முகத்தில நான் எப்பிடி அப்பா முழிப்பேன்?"