அந்தக் குரலுக்கு விழுந்த சிவப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் குரல்களைத் தரம் பிரிக்கும் வேலை. கணினிக்கு மொழி கற்றுக்கொடுப்பதற்காக, மக்கள் பேசிய சின்னச் சின்னப் பதிவுகள் வரும். ஹெட்செட்டில் கேட்டுவிட்டு, சாதாரணப் பேச்சுக்குப் பச்சையும் வசைக்குச் சிவப்பும் போட வேண்டும். ஒரு பதிவை மூன்று பேர் கேட்போம். இருவர் சொல்வதைக் கணினி உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் வாரம் ஆங்கிலக் கொச்சைச் சொற்களைப் பற்றிய பயிற்சி. நடத்தியவர் எங்கள் டீம் லீட். கோயம்புத்தூரிலிருந்து வந்து பூந்தமல்லியில் ஃப்ளாட் வாங்கியவர். ‘பூஸ்’ என்பது நாடோடிகளும் திருடர்களும் குடிக்கு வைத்திருந்த சொல்லாம். பித்தளை மோதிரத்தைத் தங்கம் என்று விற்ற ஏமாற்றுக்காரர்களிடமிருந்து ‘ஃபோனி’ வந்ததாம். நாம் சொல்லும் அதே ‘குஷி’யை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கிருந்து கொண்டுபோய், சுகமான வேலைக்கு ‘குஷி ஜாப்’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

“எதையும் மட்டமா நெனைக்காதீங்க. எல்லாம் தெருவுல பொறந்து மேல வந்த வார்த்தைங்க” என்றார்.

பயிற்சித் தேர்வில் நான்தான் முதல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், வெள்ளைக்காரனின் கொச்சைச் சொல்லுக்குப் பூர்வீகம் சொல்கிறாள்! பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் தமிழ்ப் பதிவுகள் வந்தன. ஒன்றில் ஒரு பெண், மகளிடம் பேசுகிறாள்.

“இன்னாடி, நாஷ்டா துன்னியா இல்லியா? துன்னாம கீறேன்னு தெரிஞ்சுது, மூஞ்சியப் பேத்துருவேன். சீக்கிரம் ஊட்டுக்கு வந்து சேரு.”

அப்படியே என் அம்மா பேசுவதுபோல் இருந்தது; எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சை போட்டேன். திரையில் பார்த்தால், எனக்கு முன்பே ஒரு சிவப்பு விழுந்திருந்தது. போட்டவள் பக்கத்து இருக்கைத் தோழி, ஆவடிப் பக்கம் வெள்ளானூர்க்காரி.

“ஏண்டி, இதுல என்ன வசை இருக்கு?”

“எங்க வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்க. அதனாலதானே தெரியுது, இது கெட்ட பேச்சுன்னு.”

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோல் சொன்னாள்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியவர் லீட். ஹெட்செட்டை மாட்டியவர் முகத்தைச் சுளித்தார்.

“பெத்த பொண்ணுகிட்ட இப்படியா பேசுவாங்க? காது கூசுது. சிவப்புதான்.”

“தெருவுல பொறந்த வார்த்தையை மட்டமா நெனைக்காதீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“அது இங்கிலீஷும்மா” என்றார், சிரித்தபடி. “உனக்கென்ன, நீ டீசன்டாதானே பேசறே? உன்னையப் பாத்தா இந்த ஊருன்னே தெரியாது.”

பாராட்டத்தான் செய்தார். ஆனால், நான் வாய் திறக்காமல் இருந்தால், அம்மாவின் பேச்சைக் கேட்கும் எந்தக் கணினியும் அவளை வசைபாடுகிறவள் என்றே சொல்லும். அவள் திட்டித் திட்டி ஊட்டிய சோறுதான் என்னை இந்த நாற்காலிவரை கொண்டுவந்தது.

“சாயங்காலம் அனுப்பிடுவேன். ரெண்டு பேர்ல யாராவது மாத்தறதுன்னா அதுக்குள்ள மாத்திக்குங்க” என்று சொல்லிவிட்டு லீட் நகர்ந்தார். தோழி மாற்றினால்தான் பச்சை ஜெயிக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் போன் வந்தது. வழக்கமாகப் படிக்கட்டுக்கு ஓடிப்போய்த்தான் பேசுவேன். அன்று இருக்கையிலேயே எடுத்தேன்.

“இன்னாடி, துன்னியா?” ஸ்பீக்கர் போடாமலே அம்மா குரல் ஹாலுக்குக் கேட்கும்.

“துன்னுகினுதாம்மா கீறேன். நீ இன்னா துன்ன?”

தலைகள் திரும்பின. லீட் கையில் டிபன் பாக்ஸோடு அப்படியே நின்றுவிட்டார். தோழிக்கு முகம் சிவந்துவிட்டது. மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

நான் போனை வைத்ததும் அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைத் திரும்பவும் ஓடவிட்டாள். பிறகு இன்னொரு தடவை.

“எங்கம்மா கொரலு மாதிரியே கீதுடி” என்றாள் மெதுவாக. அலுவலகத்தில் அவள் வாயிலிருந்து ‘கீது’ வந்து நான் கேட்டதில்லை. “நான் இங்க அவங்க போனையே எடுக்கறதில்ல.”

சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை வைத்தாள்.